ஒரு லட்ச ரூபாய் அளவில் சிறிய மடிக்கணினி: நூல் வடிவமைப்புக்கும் காணொளித் தொகுப்புக்கும் ஜென்புக் 14 ஓஎல்இடி ஈடுகொடுக்குமா?

இழையைத் தொடங்கியவர் (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பும் நூல் பக்க வடிவமைப்பும் என் தொழில். அவற்றோடு, சிறு பதிப்பகங்கள் வெளியீட்டு விழாக்களுக்காகக் கேட்கும் ஐந்து, பத்து நிமிடக் காணொளிகளையும் தொகுத்துக் கொடுக்கிறேன். இதுவரை மேசைக் கணினியே போதுமானதாக இருந்தது. இப்போது சென்னைக்கும் சிவகாசிக்கும் அடிக்கடி போய்வர வேண்டியிருப்பதால், தோள்பையில் வைத்தால் பாரம் தெரியாத, அதே சமயம் ரயிலில் தட்டச்சு செய்வதோடு நின்றுவிடாமல் முழு வேலைக்கும் உதவுகிற மடிக்கணினி ஒன்று தேவைப்படுகிறது.

ஒரு லட்ச ரூபாயை ஒட்டிச் செலவிட முடியும். தேடிப் பார்த்ததில் இரண்டு மாதிரிகள் மிஞ்சின. ஒன்று அசுஸ் ஜென்புக் 14 ஓஎல்இடி, யூஎக்ஸ்3405 வரிசை, கோர் அல்ட்ரா 5 125எச் செயலி, 16 ஜிபி நினைவகம். மற்றொன்று 16 ஜிபி நினைவகமும் 256 ஜிபி சேமிப்பும் கொண்ட மேக்புக் ஏர் எம்4. கடையில் இரண்டையும் பார்த்தேன். ஆனால் அங்கே ஓடவிடும் பூக்களும் மீன்களும் நிறைந்த விளம்பரப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. அந்தப் படம் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

நான் அறிய விரும்புவது இவைதான்: 10 பாயிண்ட் தமிழ் எழுத்தை நாள் முழுவதும் மெய்ப்புப் பார்க்கக் கண் ஒத்துழைக்குமா, திரையில் காணும் அட்டைப்பட வண்ணத்தை நம்பி அச்சுக்கு அனுப்பலாமா, 4கே காணொளியை இவ்வளவு மெல்லிய கணினி தாங்குமா. பயன்படுத்துபவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: நூல் வடிவமைப்பாளர் (கோவை)

வணக்கம் ஐயா. நீங்கள் குறிப்பிட்ட ஜென்புக்கைத்தான் நூல் வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். உங்கள் தேவையும் என் தேவையும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் திரை. ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை. இந்த வரிசையில் இரண்டு வகைத் திரைகள் விற்பனையில் இருக்கின்றன. ஒன்று 1920 × 1200 பிக்சல், 60 ஹெர்ட்ஸ்; மற்றொன்று 2880 × 1800 பிக்சல், 120 ஹெர்ட்ஸ். விளம்பரங்களில் இரண்டுக்கும் 'ஓஎல்இடி' என்ற ஒரே பெயர்தான் பெரிதாகத் தெரியும். நமக்கோ இந்த வேறுபாடே முதன்மையானது. 14 அங்குலத் திரையில் முதல் வகை அங்குலத்துக்குச் சுமார் 162 பிக்சல்களையும், இரண்டாவது வகை சுமார் 243 பிக்சல்களையும் தருகிறது. இதைத் தமிழ் எழுத்தில் பொருத்திப் பாருங்கள்: 10 பாயிண்ட் எழுத்தை அசல் அளவில் வைத்தால் முதல் திரையில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 பிக்சல் உயரம், இரண்டாவதில் 34 பிக்சல். அந்த 22 பிக்சலுக்குள் ணகரத்தின் சுழிகள், அதன் மேல் ஒரு புள்ளி, பக்கத்தில் இகரக் கொக்கி எல்லாம் அடங்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. 'கண்ணி', 'கன்னி' இரண்டையும் பெரிதாக்கிப் பார்க்காமல் ஒரே ஓட்டத்தில் பிரித்தறிய வேண்டிய மெய்ப்பாளருக்கு, இதுதான் மாலையில் தலைவலி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே 2880 × 1800 என்பதை விலைச்சீட்டில் உறுதிசெய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

திரையின் விகிதம் 16:10. இதனால் பழைய 16:9 திரையைவிட உயரத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கிறது. டெம்மி 1/8 நூலின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்தால் 11 × 8.5 அங்குலம், இந்தத் திரையோ சுமார் 11.9 × 7.4 அங்குலம். ஆகவே இரு பக்கங்களும் அசல் அளவில் அடங்கா. முக்கால் அளவுக்குக் குறைத்தால் அடங்கும், அப்போதும் எழுத்து தெளிவாக இருக்கும். 14 அங்குலத்துக்குள் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டில் தனித்திரை இருந்தால் எச்டிஎம்ஐ வழியாகவோ, இரண்டு தண்டர்போல்ட் 4 துளைகளில் ஒன்றின் வழியாகவோ இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நினைவகம். அதைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பின்னாளில் கூட்ட வழியில்லை. உங்கள் கோப்புகளை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த டெம்மி அட்டை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் சுமார் 95 லட்சம் பிக்சல். நான்கு வண்ண முறையில் ஓர் அடுக்குக்கு 38 எம்பி. இருபது அடுக்குகள் வைத்தாலும் ஒரு ஜிபியைத் தொடாது. ஆனால் 24 மெகாபிக்சல் ஒளிப்படம் ஒன்றை 16 பிட்டில் திறந்தால் ஓர் அடுக்கே 144 எம்பி. இவற்றோடு உலாவி, அகராதிகள், பக்க வடிவமைப்புச் செயலி எல்லாம் திறந்திருக்கும். கிராஃபிக்ஸ் பகுதியும் தனி நினைவகம் இல்லாததால் இதே 16 ஜிபியில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நூல் வேலைக்கு 16 ஜிபி தாராளம். காணொளியும் சேர்ந்தால் போதும் என்று சொல்லலாமே தவிர, தாராளம் என்று சொல்ல மாட்டேன். கோர் அல்ட்ரா 7 155எச் செயலியுடன் 32 ஜிபி வகையும் இருக்கிறது. தள்ளுபடிக் காலத்தில் விலை வேறுபாடு குறைந்தால் செயலிக்காக அல்லாமல் நினைவகத்துக்காகவே அதை எடுக்கலாம்.

சேமிப்பகம் மட்டும் வழக்கமான எம்.2 2280 அளவில் தனிப் பலகையாக இருப்பதால் பின்னர் பெரிதாக மாற்ற முடியும். மேக்கில் அந்த வசதி கிடையாது. விசைப்பலகையும் தொடுபலகையும் நன்றாகவே உள்ளன. கேமராவின் எஸ்டி அட்டையைச் செருக இதில் துளை இல்லை, மேக்புக் ஏரிலும் இல்லை. எதை வாங்கினாலும் ஒரு கார்டு ரீடரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: ஆவணப்பட ஒளிப்பதிவாளர் (சென்னை)

கோவை நண்பர் திரையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முரண்பாடு இல்லை. காணொளியைப் பொறுத்தவரை வேறு சில செய்திகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்றைய கேமராக்கள் பலவும் எச்.265 என்ற சுருக்க முறையில், வண்ண விவரம் மிகுந்த 10 பிட் 4:2:2 வடிவில் பதிவு செய்கின்றன. இவ்வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று உண்டு. ஆப்பிள் எம் வரிசைச் செயலிகளிலும் உண்டு. என்விடியாவின் தனி கிராஃபிக்ஸ் அட்டைகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குப் பிறகுதான் இந்த வசதி வந்தது. ஆகவே 'தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லையே' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு இரண்டு கிலோ எடையுள்ள கேமிங் கணினிக்குத் தாவிவிட வேண்டாம். வெட்டி ஒட்டித் தலைப்புச் சேர்க்கும் வேலைக்கு, அவற்றில் பலவற்றைவிட இந்தச் சிறிய கணினியே இழுபடாமல் ஓடக்கூடும்.

குறை எங்கே தெரியும் என்றால், நீண்ட நேரம் தொடர்ந்து உழைக்கும்போது. 125எச் செயலியின் அடிப்படை மின்நுகர்வு 28 வாட். உச்சத்தில் 115 வாட் வரை போகலாம் என்பது இன்டெல்லின் வரையறை. ஒன்றேகால் கிலோ எடையுள்ள உடலுக்குள் அந்த உச்சம் சில நொடிகளுக்கு மேல் நிலைக்காது. பின்னர் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். வாங்குபவருக்கு வேண்டியது அந்த இறங்கி நின்ற வேகம். வேகச் சோதனை மதிப்பெண் பட்டியல்கள் காட்டுவது பெரும்பாலும் முதல் நிமிடத்து வேகம். பத்து நிமிடக் காணொளியில் வண்ணத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் சேர்த்து இறுதிக் கோப்பாக வெளியேற்றும்போது விசிறிச் சத்தம் அறை முழுவதும் கேட்கும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. அந்த உடலில் அப்படித்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும்.

மேக்புக் ஏரில் விசிறியே இல்லை. சத்தமே வராது, ஆனால் நீண்ட வேலையில் வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் அதற்குள்ள வழி. தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்துத் திருச்சியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை அந்த வரம்பைக் கடந்துவிடும் என்பதை நீங்களே அறிவீர்கள். குளிரூட்டிய அறையிலோ இரவிலோ கனமான வெளியேற்றங்களை வைத்துக்கொண்டால் இரண்டுமே நன்றாக உழைக்கும்.

மேக்கின் உண்மையான பலம் மின்கலத்தில் இருக்கிறது. ஜென்புக்கின் மின்கலம் 75 வாட்-மணி, மேக்குடையது 53.8 வாட்-மணிதான். அப்படியிருந்தும் மேக்கே அதிக நேரம் தாங்குகிறது. சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் அதன் வேகம் குறைவதில்லை. இன்டெல் கணினிகளில் சார்ஜர் இல்லாதபோது வேகமும் ஓரளவு இறங்கும். ரயிலில் காணொளி தொகுப்பது உங்கள் அன்றாடம் என்றால் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று: 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 256 ஜிபி சேமிப்பில் இயங்குதளமும் செயலிகளும் போக மீதி எத்தனை மணிநேரப் பதிவுக்குத் தாங்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேக் என்றால் வெளி எஸ்எஸ்டி ஒன்றின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

மறுமொழி 3: அச்சகத்தில் பிளேட் பிரிவில் பணிபுரிபவர் (சிவகாசி)

திரை வண்ணத்தை நம்பி அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓஎல்இடி திரை வந்த பிறகு எங்களிடம் வரும் முறையீடுகளில் ஒன்று, 'திரையில் தெரிந்த நிழல் விவரம் தாளில் கறுப்புக் கட்டியாகிவிட்டது' என்பது. காரணம் எளியது. ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே போகிறது. அதனால் கறுப்புக்கு மிக அருகில் உள்ள சாம்பல் படிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. தாளில் அப்படி ஒரு கறுப்பு கிடையாது. பூச்சுள்ள கோட்டட் ஆர்ட் தாளில் ஓரளவு கிடைக்கும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை உறிஞ்சப்பட்டுப் புள்ளி விரிந்து நிழல் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இரண்டாவது, இந்தத் திரைகள் டிசிஐ-பி3 என்ற பரந்த வண்ண எல்லையைக் காட்டக்கூடியவை. வண்ண மேலாண்மை இல்லாத செயலியில் சாதாரணப் படத்தைத் திறந்தால் சிவப்பும் பச்சையும் தேவைக்கு மேல் எரியும். ஆஃப்செட்டில் அந்தச் சிவப்பு வரவே வராது. அட்டை வேலையைத் தொடங்குமுன் திரையை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண எல்லைக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தை 80 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்குங்கள். அச்சகம் தரும் வண்ணக் குறிப்புக் கோப்பை வைத்து, செயலியிலேயே தாளில் எப்படித் தெரியும் என்ற முன்காட்சியை இயக்கிப் பாருங்கள். உள்பக்க எழுத்து நான்கு வண்ணக் கறுப்பாக இல்லாமல் ஒற்றைக் கறுப்பாக இருக்கிறதா என்பதைப் பிடிஎஃபில் சோதியுங்கள். இல்லாவிட்டால், நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பதிவது நூலிழை விலகினாலும் ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் செம்மை தெரியும். இந்தப் பிழையை எவ்வளவு விலையுள்ள திரையும் உங்களுக்குக் காட்டாது. இவற்றைச் செய்தால் ஓஎல்இடியும் பயன்படும். செய்யாவிட்டால் எந்தத் திரையும் பயன்படாது.

இழையைத் தொடங்கியவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவகாசி நண்பரின் கருத்து ஒன்றில் எனக்கு ஐயம் எழுகிறது. வெளிச்சத்தை 80 நிட் அளவுக்கு இறக்கச் சொல்கிறீர்கள். ஆனால் ஓஎல்இடி திரைகள் குறைந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகின்றன என்றும், சிலருக்கு அதனால் கண்வலி வருகிறது என்றும் படித்திருக்கிறேன். நாள் முழுவதும் படிப்பவனுக்கு இதுவே பெரிய கேள்வி.

மறுமொழி 4: நூல் வடிவமைப்பாளர் (கோவை)

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்தத் திரையைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வண்ணத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றன. அச்சு வேலைக்காரருக்கு மங்கிய திரை தேவை, மங்கிய நிலையில்தான் திரை துடிக்கிறது என்ற இந்த இழுபறியை அவை பேசுவதில்லை.

இதற்கென அசுஸ் தன் மைஅசுஸ் செயலியில் துடிப்பற்ற மங்கல் என்ற அமைப்பை வைத்திருக்கிறது. அதை இயக்கினால், விளக்கை அணைத்து அணைத்து எரிப்பதற்குப் பதிலாக, திரையின் வெளிச்சத்தை உயர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு படத்தையே மங்கலாக்குகிறது. கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் இருண்ட பகுதிகளின் சாம்பல் படிகள் குறையும், வண்ண அளவீட்டுக் கருவியால் செய்த திருத்தமும் செல்லாததாகிவிடும். ஆகவே படிப்பதற்கும் மெய்ப்புக்கும் இந்த அமைப்பை இயக்குகிறேன். அட்டையை இறுதியாகப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு, வெளிச்சத்தை நேரடியாக இறக்கிக்கொள்கிறேன். அது நாளில் சிறு பொழுதுதான் என்பதால் கண் தாங்குகிறது. உங்கள் கண் எப்படி என்பதை நீங்கள் மட்டுமே அறிய முடியும்.

கடையிலேயே சோதிக்க வழி உண்டு. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கால்பங்குக்கு இறக்குங்கள். கைபேசிக் கேமராவில் மேனுவல் நிலைக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/2000 விநாடிக்கு மேல் வைத்துத் திரையை நோக்கிப் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது துடிப்பு. பிறகு அந்த அமைப்பை இயக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். பட்டைகள் மறைய வேண்டும். மேக்புக் ஏரின் திரை ஓஎல்இடி அல்ல, எல்சிடி. இந்த ஒரு விஷயத்தில் கண்கூச்சம் உள்ளவர்கள் அதை நாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் திரையில் அதன் தழும்பு விழுமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். பக்க வடிவமைப்புச் செயலியின் கருவிப்பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதால் அந்த அச்சம் அடிப்படையற்றதல்ல. பணிப்பட்டையைத் தானாக மறையும்படி வையுங்கள், செயலிகளை அடர்நிறத்தில் வையுங்கள், எழுந்து போகும்போது திரை அணையும்படி நேரம் குறியுங்கள்.

மறுமொழி 5: மென்பொருள் பொறியாளர் (பெங்களூரு)

மின்கலம்தான் முதன்மை என்றால் 2024 ஜூன் முதல் விற்பனைக்கு வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் விண்டோஸ் கணினிகளையும், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி செயலி கொண்டவற்றையும் பார்க்கலாமே? இரண்டாவது வகையில் 32 ஜிபிக்கு மேல் நினைவகம் கிடையாது, ஆனால் உங்களுக்கு அது தடையாகாது.

மறுமொழி 6: நூல் வடிவமைப்பாளர் (கோவை)

200வி நல்ல தேர்வுதான், விலை கட்டுப்படியானால். ஸ்னாப்டிராகனை மட்டும் தமிழ் அச்சுத் துறையில் இருப்பவர்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அது இன்டெல்லிலிருந்து வேறுபட்ட வகைச் சில்லு. அதில் பழைய மென்பொருள்கள் பெரும்பாலும், கட்டளைகளை அந்தச் சில்லுக்கேற்ப மாற்றித் தரும் மொழிமாற்றி வழியாக ஓடிவிடும். ஆனால் ட்ரைவர்கள், அதாவது வெளிக்கருவிகளை இயக்கும் நிரல்கள், அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். நம்மில் பலர் இன்னும் யூஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும் பழைய தமிழ் மென்பொருள்களை வைத்திருக்கிறோம். அந்த டாங்கிளுக்குப் புதிய ட்ரைவர் யார் எழுதித் தருவார்? பழைய அச்சுப்பொறிக்கும் இதே சிக்கல் வரக்கூடும். மேக்குக்கு மாறுவதாக இருந்தாலும் இதே கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். யூனிகோடுக்கு முழுமையாக மாறிவிட்டவருக்கு மேக்கில் எந்தத் தடையும் இல்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் அதில் உள்ளமைந்தே வருகின்றன.

இழையைத் தொடங்கியவர்

நீங்கள் சொன்னபடி சோதித்துப் பார்க்க, ஒரு பென்டிரைவில் என் கோப்புகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அச்சுக்குத் தயாரான நாவல் ஒன்றின் பிடிஎஃப், ஓர் அட்டை, 4கே பதிவின் ஒரு துண்டு. கடை ஊழியர் பொறுமையாக நேரம் கொடுத்தார்.

இரண்டு வகை ஜென்புக்கும் அருகருகே இருந்தன. நாவலின் ஒரே பக்கத்தை இரண்டிலும் அசல் அளவில் திறந்தபோது கோவை நண்பர் சொன்ன வேறுபாடு கண்முன்னே தெரிந்தது. குறைந்த பிக்சல் திரையில் 'ண்' மேலுள்ள புள்ளி கொம்போடு ஒட்டிய மங்கலான பொட்டாகவும், அடுத்ததில் தனியே நிற்கும் வட்டமாகவும் இருந்தது. இதைப் பார்த்த பிறகு முதல் வகையைப் பற்றி யோசிக்கவே இல்லை. கைபேசிச் சோதனையில் பட்டைகள் ஓடின. அமைப்பை இயக்கியதும் மறைந்தன. அரைமணி நேரம் நின்றபடியே படித்தேன், கண்ணில் உறுத்தல் இல்லை.

மேக்கின் திரையிலும் எழுத்து அருமையாக இருந்தது. அதன் மின்கலத்தை விட்டுவிட மனமில்லைதான். ஆனால் என்னிடம் டாங்கிளோடு இயங்கும் பழைய மென்பொருள் ஒன்று இருக்கிறது. பழைய நூல்களின் மறுபதிப்பு வேலைக்கு அதைத் திறந்தே ஆக வேண்டும். அந்த ஒரு காரணத்தால் 2880 × 1800 திரை கொண்ட ஜென்புக்கையே எடுக்கிறேன். 16 ஜிபிதான், மிச்சமாகும் தொகைக்கு ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கிப் பதிவுகளை அதில் வைத்து, அவற்றின் குறைந்த தெளிவுள்ள பிரதிகளைக் கொண்டு தொகுக்கிறேன்.

மறுமொழி 7: ஆவணப்பட ஒளிப்பதிவாளர் (சென்னை)

நல்ல முடிவு. பிரதிகளைப் பாதி அளவில் உருவாக்கினால் போதும். இறுதி வெளியேற்றத்தில் மட்டும் அசல் கோப்போடு இணைத்துக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840 × 2160 வரை வெளியேற்றும் என்பதால் விழாத் திரைக்கு அதற்குமேல் தேவைப்படாது.

வாங்கும்போது, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லில் உங்கள் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். மடிக்கணினிக்கு 18 விழுக்காடு வரி, தொழிலுக்காக வாங்குவதால் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள முடியும். பெட்டியைத் திறந்த அன்றே முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, இளஞ்சாம்பல் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து இறந்த பிக்சலோ நிறத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தரும் காலக்கெடு கடையில் சில நாட்களே இருக்கும். அது கடந்தால் சேவை மையம்தான்.

மறுமொழி 8: அச்சகப் பணியாளர் (சிவகாசி)

அடுத்த முறை இங்கே வரும்போது கணினியையும் கொண்டுவாருங்கள். உங்கள் பழைய அட்டை ஒன்றின் அச்சுத் தாளையும் அதன் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் பார்வை விளக்கின் கீழ் திரையின் வெளிச்சத்தைப் பொருத்திக் குறித்துக்கொண்டு போகலாம். அதே அட்டையின் மேப்லித்தோ அச்சும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.